உள்ளும் புறம்பும் கீல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கோடு இருந்தது. 2015 டிசம்பரில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் முடிச்சூருக்குள் வந்த வெள்ளம் நின்று வடிந்தபோது விட்டுப்போன சேற்றுக் கோடு. அதற்குப் பிறகு வெள்ளையடித்தபோதும் பீரோவை நகர்த்த ஆள் போதாமல் அந்த இடம் மட்டும் தப்பிவிட்டது. 2022இல் தரைக்கு டைல்ஸ் போடுவதற்காக வீட்டைக் காலி செய்தபோதுதான் அது வெளியே தெரிந்தது. வேலைக்கு வந்தவரிடம் டேப் வாங்கி அளந்து பார்த்தேன். தரையிலிருந்து மூன்று அடி இரண்டு அங்குலம்.

அளந்ததற்குக் காரணம் உண்டு. ஏழு வருஷமாக அம்மா சொல்லிவரும் கதையில் தண்ணீர் கழுத்தளவு. முதல் வருஷம் சொன்னபோது இடுப்பளவு என்றுதான் சொன்னாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மார்பளவு ஆனது. என் மகளுக்குச் சொல்லத் தொடங்கிய பிறகு கழுத்துக்கு ஏறிவிட்டது. கோட்டைக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது வடியும்போது விழுந்த கோடும்மா. ராத்திரி கழுத்துக்கு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. அன்று இரவு நானும் கூடவே இருந்தேன். மூன்று மாதக் கர்ப்பிணி. இருட்டில் அந்தத் தண்ணீரில் இறங்கி மாடிப்படிக்குப் போனபோது எவ்வளவு ஆழம் என்று என்னைக் கேட்டிருந்தாலும் கழுத்தளவு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதே வாரம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா ஒரு பேச்சை எடுத்தார். நோவா கதை இருக்கிறது, மனுவின் மீன் கதை இருக்கிறது, சுமேரியாவில் இருக்கிறது, கிரேக்கத்தில் இருக்கிறது, சீனாவில் இருக்கிறது, நமக்குக் கடல்கோள் இருக்கிறது. "ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத ஜனங்க இத்தனை பேரும் ஒரே கதையைச் சொல்றாங்கன்னா, ஒரு காலத்துல உலகமே முழுகியிருக்கணுமா இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் நிறையப் படிப்பவள் என்று அவருக்கு ஒரு எண்ணம். எனக்கு உடனே பதில் வரவில்லை. தப்பு என்று தோன்றியது, எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சேற்றுக் கோடும் இந்தக் கேள்வியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு விடவே இல்லை.

ஒரே வெள்ளமா?

வெள்ளக் கதைகளில் மிகப் பழைய எழுத்து கிடைத்திருப்பது மெசபடோமியாவில், இன்றைய ஈராக்கில். 1872 டிசம்பர் 3 அன்று லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஒரு களிமண் பலகையின் மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டினார். பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து உட்கார்ந்து கேட்டாராம். ஸ்மித் பல்கலைக்கழகம் போனவர் இல்லை. பணத்தாளுக்கு அச்சுத் தகடு செதுக்கும் வேலையில் இருந்தவர். மதிய உணவு நேரத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் போய் களிமண்ணில் அழுத்தி எழுதும் அந்தப் பழைய ஆப்பெழுத்தைத் தானாகவே கற்றுக்கொண்டார். அசீரிய அரசன் அசுர்பனிபாலின் நினிவே நூலகத்திலிருந்து வந்த அந்தப் பலகையில் ஒரு கப்பல் மலையில் தட்டி நிற்கிறது, அதிலிருந்து ஒருவன் புறாவைப் பறக்க விடுகிறான், அது கால் வைக்க இடமில்லாமல் திரும்பி வருகிறது. பைபிளில் எல்லோரும் படித்த கதை, பைபிளுக்கு வெளியே, கில்காமேஷ் காவியத்தின் பதினோராம் பலகையில் இருந்தது. அங்கே நோவாவின் பெயர் உத்னாபிஷ்டிம்.

அடுத்து மண்ணிலேயே அந்த வெள்ளத்தைத் தேடினார்கள். 1929 வாக்கில் லியோனார்ட் வூலி என்ற அகழாய்வாளர் ஊர் என்ற நகரத்தில் (நகரத்தின் பெயரே அதுதான்) குழி தோண்டிக்கொண்டு போனார். பானை ஓடுகள் நின்றுபோய், எட்டு அடிக்கு மேல் கனமாக, எதுவும் கலக்காத சுத்தமான வண்டல் வந்தது. அதற்கும் கீழே மறுபடியும் மனிதர்கள் வாழ்ந்த தடயம், வேறு வகைப் பானைகள். நோவாவின் வெள்ளம் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் எரிடுவில் தோண்டியபோது அந்த வண்டல் இல்லை. கிஷ் நகரத்தில் இருந்தது, ஆனால் வேறு காலத்தது. கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஷுருப்பக்கிலும் ஓர் அடுக்கு கிடைத்தது, கி.மு. 2900ஐ ஒட்டியது. ஊரில் வூலி கண்டது அதைவிடப் பல நூறு ஆண்டுகள் பழையது. ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி வெள்ளம்.

யோசித்துப் பார்த்தால் அந்த நிலத்தில் அது அப்படித்தான் இருக்க முடியும். யூப்ரடீசும் டைக்ரிசும் துருக்கி மலைகளின் பனி உருகி வரும் ஆறுகள். அந்தக் காலத்தில் பெருக்கெடுத்தது ஏப்ரல், மே மாதங்களில், பயிர் அறுவடைக்கு நிற்கும் சமயம். வருஷக்கணக்காக வண்டலைக் கொட்டிக் கொட்டி ஆற்றின் படுகையே சுற்றியுள்ள வயலைவிட உயரமாகிவிடும். ஒரு பக்கம் கரை உடைந்தால் ஆறு தன் தடத்தையே மாற்றிக்கொண்டு போய்விடும். உடைந்த பக்கத்து ஊர் முழுகும், மறு பக்கத்து ஊருக்குத் தண்ணீரே இல்லாமல் போகும். கண்ணுக்கு எட்டிய வரை சமதளமாக இருக்கும் நாட்டில் நிற்பவனுக்கு அடிவானம் வரை தண்ணீர் தெரிந்தால், அவனுக்கு உலகம் முழுகியதுதான். அன்றைக்கு மொட்டை மாடியில் விடிந்து பார்த்தபோது எனக்கும் உலகம் முழுகித்தான் இருந்தது. தாம்பரத்தில் பஸ் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம்.

எகிப்தைப் பார்த்ததும் பெரியப்பாவின் வாதம் எனக்கு முழுசாகக் கலைந்துவிட்டது. அந்தக் காலத்தில் நைல் வருஷா வருஷம் பெருகும். எப்போது வரும் என்று தெரியும், வராவிட்டால்தான் பஞ்சம். அந்த மக்களிடம் மனிதகுலத்தை அழிக்க வந்த பெருவெள்ளக் கதை இல்லை. மனிதர்களை அழிக்கும் கதை உண்டு. சூரியக் கடவுள் ஏவிய தேவதை மனிதர்களைக் கொன்று குடித்துக்கொண்டு போகிறாள். அவளை நிறுத்த, இரத்த நிறத்தில் சாயம் போட்ட பீரை வயல்களில் வெள்ளமாக ஓட விடுகிறார்கள். அவள் அதைக் குடித்து மயங்க, மிச்சமிருந்த மனிதர்கள் பிழைக்கிறார்கள். எகிப்தியனுக்கு வயலில் பரவும் வெள்ளம் காப்பாற்ற வந்தது! உலகமே ஒரு தடவை முழுகியிருந்தால் நைல் கரையில் இருந்தவர்களுக்கு மட்டும் அது எப்படித் தெரியாமல் போகும்? சீனத்துக் கதையில் யாரும் கப்பல் கட்டவில்லை. யூ என்பவர் பதின்மூன்று வருஷம் கால்வாய் வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு வடிய விடுகிறார். மூன்று தடவை தன் வீட்டு வாசலைக் கடந்து போயும் உள்ளே நுழையவில்லை என்று சொல்வார்கள். மஞ்சள் ஆற்றின் மேல்பகுதியில் நிலச்சரிவு அணையாக நின்று உடைந்து, கி.மு. 1920 வாக்கில் பெருவெள்ளம் வந்ததற்குத் தடயம் கிடைத்திருப்பதாக 2016இல் ஓர் ஆய்வுக் குழு எழுதியது. அதுதான் யூவின் வெள்ளமா என்று இன்னும் சர்ச்சை. இருந்துவிட்டுப் போகட்டும். அது மஞ்சள் ஆற்றின் கதை, யூப்ரடீசின் கதை இல்லை.

கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது என்பது வேறு. அது உலகம் முழுவதும் நடந்ததுதான், ஆனால் பல ஆயிரம் வருஷங்களில். ஒரு தலைமுறை தன் வாழ்நாளில் கண்டது கரை கொஞ்சம் உள்ளே வந்ததைத்தான். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் தங்கள் கரையில் 21 இடங்களைப் பற்றி, இங்கே கடல் இல்லை, நடந்து போனோம், வேட்டையாடினோம் என்று கதை வைத்திருக்கிறார்கள். 2016இல் பேட்ரிக் நன்னும் நிக்கலஸ் ரீடும் அந்த இடங்களின் கடல் ஆழத்தோடு ஒப்பிட்டு, இவை ஏழாயிரம் வருஷத்துக்கு முந்தைய நினைவுகள் என்று எழுதினார்கள். அந்தக் கதைகளைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கருங்கடல் ஒரே பாய்ச்சலில் நிரம்பியது, அதுதான் நோவா வெள்ளம் என்று 1990களில் ரயனும் பிட்மனும் சொன்னதை மட்டும் என்னால் அவ்வளவு நம்ப முடியவில்லை. கருங்கடல் எவ்வளவு வேகமாக நிரம்பியது என்பதிலேயே நிலவியலாளர்கள் ஒத்துப்போகவில்லை.

வீட்டைப் பிரி, படகைக் கட்டு

சரி, பல வெள்ளங்கள், பல கதைகள். பெரியப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அம்மாவின் கழுத்தளவு இன்னும் உறுத்திக்கொண்டே இருந்தது. கதை சொல்லச் சொல்ல வளரும் என்றால், மூவாயிரம் வருஷம் சொல்லப்பட்ட கதையில் நடந்தது என்று எதைப் பிடித்துக்கொள்வது? சுமேரிய அரசர் பட்டியலில் வெள்ளத்துக்கு முன் ஆண்ட முதல் அரசன் அலுலிம் 28,800 வருஷம் ஆண்டதாக இருக்கிறது. சுமேரியக் கதையில் ஏழு பகல் ஏழு இரவு அடித்த வெள்ளம் ஆதியாகமத்தில் நாற்பது நாள் மழையாகிறது. இடுப்பு மார்பாகி மார்பு கழுத்தாகும் அதே ஏற்றம். எண்களை நம்ப முடியாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்ரகசிஸ் என்பவனைப் பற்றிய பாபிலோனிய வெள்ளக் கதையை முழுசாகப் படித்தேன். கில்காமேஷ் பலகையைவிட ஆயிரம் வருஷம் பழைய பிரதி அது, கி.மு. 17ஆம் நூற்றாண்டு. மனிதர்கள் பெருகி, இரைச்சல் தாங்காமல் என்லில் கடவுளுக்குத் தூக்கம் கெட்டுப்போகிறது. வெள்ளத்தை அனுப்ப முடிவாகிறது. மனிதரிடம் சொல்லக் கூடாது என்று கடவுளர்கள் சத்தியம் செய்கிறார்கள். என்கி என்ற கடவுளுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. சத்தியத்தையும் மீறாமல், அத்ரகசிஸ் வீட்டுச் சுவரிடம் பேசுகிறான். நாணல் சுவரே, கேள். வீட்டைப் பிரி, படகைக் கட்டு. பொருளை விடு, உயிரைக் காப்பாற்று.

இதில் வீட்டைப் பிரித்துப் படகு கட்டுவது என்பது கவிஞனின் அலங்காரம் என்று முதலில் நினைத்தேன். தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலத்தில் இன்றும் நாணல் கட்டுகளை வளைத்து வீடு கட்டுகிறார்கள். அந்த வீட்டைப் பிரித்தால் கையில் இருப்பது நாணலும் கயிறும். படகு கட்டவும் நாணலும் கயிறும்தான் வேண்டும். இதை அரண்மனையில் உட்கார்ந்து யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. வீட்டைப் பிரித்தவன் சொன்னது.

அடுத்து வந்தது அதே கதையின் இன்னொரு பலகை. உள்ளங்கையில் அடங்கும் அளவு, அறுபது வரி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் அதைப் படித்து 2014இல் வெளியிட்டார். என்கி அதில் படகின் வடிவத்தையும் சொல்கிறான். வட்டமாக வரைந்துகொள், நீளமும் அகலமும் சமமாக இருக்கட்டும். அதாவது பரிசல்! டைக்ரிசிலும் யூப்ரடீசிலும் குஃபா என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டு வரை ஓடிய பரிசலேதான். கயிற்றைக் கூடை மாதிரி சுருள் சுருளாகச் சுற்றித் தைத்து, உள்ளே மர விலா கொடுத்து, மேலே தார் மாதிரியான கீல் பூசுவார்கள். பலகையில் சொல்லும் அளவு பெரிது, தரைப் பரப்பு 3,600 சதுர மீட்டர், சுவர் ஆறு மீட்டர். அதற்கு வேண்டிய கயிறு 500 கிலோமீட்டருக்கு மேல் என்று ஃபிங்கல் கணக்குப் போட்டிருக்கிறார். யாரும் இப்படி ஒரு பரிசல் கட்டியிருக்க முடியாது. ஆனால் கயிறு எவ்வளவு, விலா எத்தனை, கீல் எவ்வளவு கனம் என்று பலகை சொல்லும் கணக்கு ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. பரிசல் கட்டத் தெரிந்த ஒருவனிடம் கேட்டு, அந்தக் கணக்கை அப்படியே பெருக்கியிருக்கிறார்கள்.

ஒகேனக்கல்லில் சின்ன வயதில் பார்த்தது ஞாபகம் வந்தது. ஆற்றங்கரைப் பாறையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் தார் பூசிக்கொண்டிருந்தார். மூங்கில் பிளாச்சுகள் குறுக்கும் நெடுக்கும் பின்னி, மேலே சாக்கு இழுத்துக் கட்டியிருந்தது. தகர டப்பாவில் கொதிக்கும் தார். குச்சியில் துணி சுற்றி, மடிப்பு மடிப்பாக விட்டுவிடாமல் தடவிக்கொண்டே வந்தார். தடவிய பிறகு கட்டை விரலால் ஓரத்தை அழுத்திப் பார்ப்பார். எங்களை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி நச்சரித்தோம். "காயட்டும் பாப்பா, இது காயாம ஏறினா ஆத்துக்குள்ள பாதியில தெரியும்" என்றார். பலகையில் அத்ரகசிஸ் சொல்வதைப் படித்தபோது அந்தக் கட்டை விரல்தான் கண்ணில் வந்தது. ஒரு விரல் கனம் கீல் வெளிப்பக்கத்துக்கு ஒதுக்கினேன், ஒரு விரல் கனம் கீல் உள்பக்கத்துக்கு ஒதுக்கினேன். இந்தப் பலகையைப் பார்த்துக் கேரளத்தின் காயலில் சிறிய அளவில் ஒரு பரிசலைக் கட்டியும் பார்த்தார்கள். மிதந்தது, ஆனால் கசிந்தது. ஈராக்கின் கீல் போன்ற நல்ல கீல் அங்கே கிடைக்கவில்லை.

உள்ளேயும் வெளியேயும் கீல் என்றதும் எழுந்து போய் பைபிளை எடுத்தேன். ஆதியாகமம் ஆறாம் அதிகாரம், பேழை செய்யச் சொல்லும் இடம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரி: உள்ளும் புறம்பும் கீல் பூசு. அந்தக் கீலுக்கு எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் கோஃபெர். கீல் என்ற பொருளில் பைபிள் முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் வருகிறது. பாபிலோனிய மொழியில் கீலுக்குப் பெயர் குப்ரு. ஒரே சொல்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நாயகனின் பெயர் சியுசுத்ரா, அத்ரகசிஸ், உத்னாபிஷ்டிம், நோவா. பல கடவுள்களின் சண்டை ஒரே கடவுளின் தீர்ப்பாகியிருக்கிறது. இரைச்சல் பாவமாகியிருக்கிறது. படகு வட்டமாக இருந்து, கில்காமேஷில் கனசதுரமாகி, ஆதியாகமத்தில் நீண்ட பெட்டியாகிவிட்டது. கீல் மாறவில்லை. அது எந்தச் சொல்லால் சொல்லப்பட்டதோ அந்தச் சொல்கூட மாறவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது, இது என் முடிவையே அசைத்தது. கில்காமேஷ் கப்பலின் தரை 120 முழத்துக்கு 120 முழம், 14,400. நோவாவின் பேழை 300 முழத்துக்கு 50 முழம், 15,000. வட்டப் பரிசலின் பரப்பும் கில்காமேஷ் கப்பலின் பரப்பும் ஒன்றுதான். வடிவம் இரண்டு தடவை மாறியும் தரைப் பரப்பு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. எண் எல்லாமே வளரும் என்று அவசரப்பட்டு முடிவு கட்டியிருந்தேன். அரசன் ஆண்ட வருஷமும் மழையின் நாளும் வளர்ந்தன. கட்டுகிறவனுக்கு வேண்டிய எண் கையோடு கூடவே வந்திருக்கிறது.

பறவையும் அப்படித்தான். கரை தெரியாத கடலில் பறவையைப் பறக்க விட்டு, அது திரும்பி வராத திசையில் கரை இருக்கிறது என்று கப்பலைத் திருப்புவது மாலுமிகளின் பழைய வழக்கம். இலங்கைக்குப் போகும் மாலுமிகள் பறவைகளைக் கூடவே வைத்திருந்ததை ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதியிருக்கிறார். கரை காணாமல் திரும்பி வந்து கப்பலின் கூம்பிலேயே ஏறி உட்காரும் பெரும் பறவையைத் தனக்கு உவமையாகச் சொல்கிறார் குலசேகர ஆழ்வார். அவருக்கு அது பக்தி. அந்த உவமை கேட்டவுடன் புரிந்த ஜனங்களுக்கு அது தினசரி வேலை. உத்னாபிஷ்டிம் அனுப்பிய புறாவும் தகைவிலான் குருவியும் திரும்பி வர, காக்கை வராமல் போனதே, அது எந்தத் தொழிலாளி சொன்னதோ.

கொண்டதும் விட்டதும்

அப்புறம் அம்மாவின் கதையை மறுபடி கேட்டேன், இந்தத் தடவை வேறு காதோடு. பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கழுத்தளவு என்றாள். அது போகட்டும். "தண்ணி வாசல் வழியா வரும்னு நாங்க கேட்டையே பார்த்துக்கிட்டு நின்னோம். அது அங்க வரலை. குளியலறை ஜாலியிலதான் முதல்ல குமிழ் விட்டுச்சு. குபுக் குபுக்குனு. அதுக்கப்புறம் அரை மணி நேரம்தான்." அடுத்து, நிலப் பத்திரத்தையும் சான்றிதழ்களையும் நகையையும் ஐந்து லிட்டர் குக்கரில் வைத்து கேஸ்கெட் போட்டு மூடிய கதை. வெயிட் போடும் துவாரத்தை மைதா மாவு பிசைந்து மூடியின் உள்ளேயும் வெளியேயும் அடைத்துக்கொண்டு மாடிக்குப் போனது. டிவியைத் தூக்கப் போன என் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தது. இந்த மூன்றும் ஏழு வருஷத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. மைதா என்றைக்கும் கோதுமையாகவில்லை. குக்கர் என்றைக்கும் அண்டாவாகவில்லை.

இந்தோனேஷியாவில் சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் அங்கே ஆழிப்பேரலை வந்து ஏராளமானவர்கள் செத்துப்போனார்கள். பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மொங் என்று பெயர் வைத்துக் கதையாகச் சொன்னார்கள். தாத்தா பாட்டி பேரன் பேத்திக்குச் சொன்னது இவ்வளவுதான்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், உடனே மலைக்கு ஓடு. எதையும் எடுக்காதே. 97 வருஷம் கழித்து 2004 டிசம்பர் 26 அன்று நிலம் ஆடியது. நிலநடுக்கத்தின் மையத்துக்குப் பக்கத்திலேயே இருந்த தீவு. பத்து நிமிஷத்துக்குள் அலை வந்துவிட்டது. எந்த எச்சரிக்கைக் கருவியும் இல்லை. ஸ்மொங், ஸ்மொங் என்று கத்திக்கொண்டு எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். தீவில் ஏறத்தாழ 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர். எதிரே ஆச்சே கரையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இதைப் படித்த நாளில் எனக்கு அழுகை வந்தது. நாகப்பட்டினத்தை நினைத்துத்தான். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் அன்று போனார்கள். நமக்கா வெள்ளக் கதை இல்லை? கடல்கோள் என்ற சொல்லையே வைத்திருக்கிறோமே. பஃறுளி ஆறும் குமரிக் கோடும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் 700 காவதம், 49 நாடு என்று பட்டியலே போடுகிறார். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. மகனைத் தொலைத்த துக்கத்தில் சோழன் இந்திர விழாவை மறந்தான், அதனால் வந்த சாபம். இழந்த நாட்டின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, யார் தவறு என்றும் இருக்கிறது. அன்று கரையில் நின்றவர்கள் கடலில் முதலில் எதைப் பார்த்தார்கள், பிழைத்தவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பது நம் கைக்கு வரவில்லை. 2004இல் மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கி அடியில் பாறை வரிசை தெரிந்ததைக் கண்டவர்கள் சொன்னார்கள். நின்று பார்த்திருக்கிறார்கள். ஓடு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை.

மீனவர் குப்பங்களில் யாராவது கிழவி அந்தக் கதையை ஒரு காலத்தில் சொல்லியிருப்பாள் என்றுதான் நான் நம்புகிறேன். 49 நாட்டை எழுதி வைத்தவர்கள் அவளிடம் போய்க் கேட்கவில்லை. அத்ரகசிஸ் கதையை எழுதியவன் யாரோ ஒரு பரிசல்காரனிடம் போய், கீல் எத்தனை விரல் கனம் என்று கேட்டிருக்கிறான். எனக்கு அவன்மேல் இருக்கும் மரியாதையைச் சொல்லி முடியாது. பெரியப்பா உலகம் முழுகியதா என்று கேட்டார். இப்போது யாராவது ஒரு வெள்ளக் கதையைச் சொன்னால் நான் அதில் கீல் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

குமிழ்

2023 டிசம்பர் 3, மிக்ஜாம் புயல். சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. இரவு கரண்ட் போய்விட்டது. நானும் கணவரும் கேட்டுக்கு வெளியே டார்ச் அடித்து, தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் படி நனையவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்றார்.

உள்ளே மகளைக் காணோம். ஏழு வயது. 2015 வெள்ளத்தில் அவள் என் வயிற்றில் இருந்தவள், தண்ணீரையே பார்க்காதவள். குளியலறையில் விளக்கு வெளிச்சம் அசைந்தது. போய்ப் பார்த்தால், பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தை ஜாலியின் மேல் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாளோ. "அம்மா, இங்க பாரு" என்றாள். கறுப்புத் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு குமிழ் மெதுவாக ஏறி வந்து உடைந்தது. அப்புறம் இன்னொன்று.

"பாட்டி, குமிழ் விடுது!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அம்மா ஏற்கெனவே குக்கரை இறக்கி வைத்திருந்தாள். பத்திரமும் நகையும் உள்ளே போயின. நான் இருட்டில் மைதாவைத் தேடி எடுத்துக் கிண்ணத்தில் பிசைந்தேன். கணவர் அரிசி டிரம்மை மாடிக்கு உருட்டிக்கொண்டு போனார், டிவி பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பிசைந்த மாவை மூடியின் துவாரத்தில் வைத்து அழுத்தினேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூடியைத் திருப்பி வைத்து, கிண்ணத்திலிருந்து கொஞ்சம் மாவை உருட்டி எடுத்து, உள்பக்கத்தில் அதே துவாரத்தின் மேல் வைத்து, கட்டை விரலால் ஓரம் ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தாள்.